எபிசோட் 23: மேக் பார்த்த ஃபைலும் கம்பைலர் படித்த ஃபைலும்

(பேசியதைத் திருத்தி எழுதிய வடிவம். இருமலும், முப்பது தடவை வந்த "ஆக்சுவலி"யும் நீக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்கிறேன்.

"மேக் க்ளீன் போட்டியா?"

சி அல்லது சி பிளஸ் பிளஸ்ல வேலை பார்த்த எல்லாருடைய காதிலும் இது ஒரு முறையாவது விழுந்திருக்கும். எனக்கு முதல் முறை விழுந்தது, வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். நெட்வொர்க்கில் வரும் பாக்கெட்டைப் பிரித்துப் படிக்கும் பகுதி என் பொறுப்பு. ஒரு ஹெடர் ஃபைலில் இருந்த ஸ்ட்ரக்சரின் நடுவில் புதுசா ஒரு ஃபீல்டு சேர்த்தேன். கம்பைல் ஆச்சு, லிங்க் ஆச்சு, ஓடவும் செய்தது. ஆனா பாக்கெட்டின் நீளம் வர வேண்டிய இடத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு எண் வந்து நின்னது. ஒன்றரை நாள் டீபக்கரோட உட்கார்ந்தேன். கோடை வரிவரியாகப் படித்தேன். தப்பே கிடைக்கல. கோடில் தப்பே இல்லை என்பது அப்போ எனக்குத் தெரியாது.

பக்கத்து சீட்ல இருந்த சீனியர் அக்கா எட்டிப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டாங்க. போட்டேன். மறுபடி முழுசா பில்ட் பண்ணேன். சரியாகிவிட்டது.

பத்து நிமிஷம் சந்தோஷம். அப்புறம் கோபம். ஏன் சரியாச்சுன்னு யாருக்கும் தெரியல, தெரிஞ்சுக்கணும்னும் யாரும் நினைக்கல. காரணத்தைப் பிறகு நானே தேடிக் கண்டுபிடிச்சேன், அதைக் கொஞ்ச நேரத்தில் சொல்றேன். அதுக்கு முன்னாடி 1976க்குப் போகணும். ஏன்னா, மேக் என்ற கருவி பிறந்ததே இப்படி வீணாய்ப் போன ஒரு காலைப்பொழுதில்தான்.

இடம், அமெரிக்காவில் பெல் லேப்ஸ். ஆள், ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன். ஒருநாள் அவர் அறைக்குள் ஸ்டீவ் ஜான்சன் கோபமா நுழையறார். யாக் என்ற பார்சர் உருவாக்கும் கருவியை எழுதினவர் இந்த ஜான்சன், சாதாரண ஆள் கிடையாது. அவர் ஒரு பிழையைத் திருத்தியிருக்கார். ஆனா திருத்திய ஃபைலைத் திரும்ப கம்பைல் பண்ண மறந்துட்டார். லிங்க் பண்ணும்போது பழைய ஆப்ஜெக்ட் ஃபைலே உள்ளே போயிருக்கு. சரியா இருந்த புரோகிராமில் பிழை தேடி ஒரு காலை முழுக்கப் போச்சு. ஃபெல்ட்மேனுக்கும் முந்தைய நாள் சாயங்காலம் வேறொரு வேலையில் இதே கதை நடந்திருந்தது.

அந்த வார இறுதியில் ஃபெல்ட்மேன் மேக்கை எழுதினார். முதலில் அவர் யோசித்தது, சார்புகளைத் தானே அலசிக் கண்டுபிடிக்கும் ஒரு பெரிய கருவி. அது சுருங்கிச் சுருங்கி, ரொம்ப எளிமையான ஒன்றாக வந்து நின்றது. இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. அவர் அன்றைக்குத் தள்ளி வைத்த அந்தப் பெரிய யோசனைக்குத்தான் அடுத்த நாற்பது வருஷமா ஆளுக்கொரு விதமா திரும்ப வந்துக்கிட்டே இருக்காங்க.

மேக்ஃபைல் என்பது ஒரு பட்டியல். இந்த ஆப்ஜெக்ட் ஃபைல் இந்த சோர்ஸ் ஃபைலையும் இந்த ஹெடரையும் சார்ந்தது, அதை உருவாக்க இந்தக் கட்டளையைப் போடு. அவ்வளவுதான். மேக் ரெண்டு பக்கத்தையும் கடைசியாகத் திருத்திய நேரத்தை ஒப்பிடும். சோர்ஸ் புதுசா இருந்தா கட்டளை ஓடும், இல்லைன்னா சும்மா இருக்கும். கட்டளை வரிக்கு முன்னாடி டேப் கட்டாயம் வரணும், ஸ்பேஸ் போட்டா திட்டும் என்ற சாபக்கேடும் அந்த வார இறுதியில் வந்ததுதான். சில வாரத்துக்குள்ள பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்த ஆரம்பிச்சுட்டாங்க, பெரும்பாலும் நண்பர்கள், அவங்க மேக்ஃபைல் உடைஞ்சிடக் கூடாதுன்னு மாற்றாமலே விட்டதாக ஃபெல்ட்மேனே பின்னால் சொல்லியிருக்கார். பத்துப் பேருக்காகப் பார்த்தது, இன்னைக்கு உலகத்துக்கே தலைவலி. 2003க்கான ஏசிஎம் மென்பொருள் அமைப்பு விருது மேக்குக்காக அவருக்குக் கிடைத்தது. டேப்பையும் மீறித்தான்.

டேப்பை விட ஆழமா ரெண்டு விஷயம் அந்த வடிவமைப்புக்குள்ள இருக்கு.

ஒன்று, நேரம். "மாறியிருக்கா?" என்பதுதான் நமக்குத் தேவையான கேள்வி. மேக் கேட்பது "புதுசா?" என்று. பேக்கப்பில் இருந்து பழைய ஃபைலை அதன் பழைய தேதியோடு மீட்டு வச்சீங்கன்னா, உள்ளடக்கம் மாறியிருக்கும், ஆனா தேதி பின்னாடி போயிருக்கும். மேக் அசையாது. நெட்வொர்க் டிரைவ்ல ஃபைல் இருந்து, அந்த சர்வர் கடிகாரமும் உங்க கடிகாரமும் ஒத்துப்போகலைன்னா இன்னும் மோசம். குனு மேக் அப்போ, கடிகாரம் ஒத்துப்போகலை, பில்ட் முழுமையா இல்லாம இருக்கலாம்னு ஒரு எச்சரிக்கை காட்டும். அன்றைய யுனிக்ஸ் நேரத்தை முழு விநாடியாகத்தான் குறித்தது. ஒரே விநாடிக்குள்ள ரெண்டு மாற்றம் நடந்தா எது முந்தி எது பிந்தின்னு சொல்ல முடியாது. பின்னால் வந்த எஸ்கான்ஸ் நேரத்தை நம்பாம உள்ளடக்கத்தின் ஹாஷை ஒப்பிட்டது. கொஞ்சம் மெதுவானது, ஆனா நேர்மையானது.

ரெண்டாவது விஷயம்தான் என் ஒன்றரை நாளைத் தின்றது. பட்டியலை யார் எழுதுறது?

மனுஷன்தான். ஒரு சி ஃபைல் எந்த ஹெடரை எல்லாம் சேர்க்குது, அந்த ஹெடர் இன்னும் எந்த ஹெடரை எல்லாம் இழுக்குது, இதெல்லாம் கையால எழுதி, மாறும்போதெல்லாம் கையாலயே திருத்தணும். நடக்கிற காரியமா? ஒரு ஹெடரை எழுத மறந்தா பில்ட் உடையாது. உடைஞ்சா பரவாயில்லையே, உடனே தெரிஞ்சிடும். பழைய ஆப்ஜெக்ட் ஃபைல் அமைதியா உள்ளே உட்கார்ந்துக்கும். ஒரு ஃபைல் ஸ்ட்ரக்சரின் புது அமைப்பில் எழுதும், இன்னொரு ஃபைல் பழைய அமைப்பில் படிக்கும். ரெண்டும் தனித்தனியா சரி. சேர்த்தா குப்பை.

ஜான்சன் கம்பைல் பண்ண மறந்தார். மேக் அதைச் சரி பண்ணிச்சு. ஆனா மறதி எங்கேயும் போகல, கட்டளை வரியில இருந்து மேக்ஃபைலுக்குக் குடி மாறிச்சு.

எக்ஸ் விண்டோ சிஸ்டம் காரங்க இதுக்கு மேக்டிபெண்ட் என்ற கருவியைப் பயன்படுத்தினாங்க. அது சோர்ஸ் ஃபைல்களைப் படித்து, எந்த ஹெடர் எங்கே வருதுன்னு கண்டுபிடிச்சு, மேக்ஃபைலின் கடைசியில் தானே எழுதிவிடும். அதுக்கு மேலே, இந்த வரியை அழிக்காதேன்னு ஒரு அடையாள வரி. பழைய மேக்ஃபைல்களில் பார்த்திருப்பீங்க, கடைக்கு வெளியே ஒட்டின "இங்கே விளம்பரம் செய்யாதீர்" மாதிரி நிற்கும். நல்ல கருவிதான். ஆனா "மேக் டிபெண்ட்" கட்டளையை நாமதான் ஞாபகமாப் போடணும். மறதி மறுபடி ஒரு வீடு மாறிச்சு.

பிறகு ஒரு நல்ல யோசனை வந்தது. ஹெடர் எதையெல்லாம் படித்தோம்னு கம்பைலருக்கே தெரியுமே, அதையே கேட்டா என்ன? ஜிசிசியில் ஹைஃபன் எம்எம்டி என்ற ஆப்ஷனைக் கொடுத்தா, கம்பைல் பண்ணும்போதே பக்கத்தில் டாட் டி என்று முடியும் ஒரு சின்ன ஃபைலை எழுதிவிடும். நான் படித்த ஹெடர்கள் இவை, என்று. மேக்ஃபைல் அடுத்த முறை அதைச் சேர்த்துக்கும். முதல் முறை அந்த ஃபைல் இருக்காதே என்று கேட்பீங்க. முதல் முறை ஆப்ஜெக்ட் ஃபைலும் இருக்காது, எப்படியும் கம்பைல் ஆகத்தான் போகுது, அதனால தெரியத் தேவையில்லை. இந்தச் சமாதானத்தைப் புரிஞ்சுக்கிட்ட நாள் எனக்கு ரொம்பப் பிடிச்ச நாள். ஒரு விதிவிலக்கு, பில்ட் நடக்கும்போதே உருவாக்கப்படும் ஹெடர்கள். அவற்றை முன்கூட்டியே செய்யச் சொல்லி இன்னமும் கையாலதான் எழுதணும்.

இதுக்கு நடுவுல ஒரு பெரிய சண்டையும் உண்டு. பெரிய புராஜெக்ட்களில் ஒவ்வொரு டைரக்டரிக்கும் தனி மேக்ஃபைல் வச்சு, மேலே இருக்கிற மேக், கீழே உள்ள மேக்குகளை வரிசையா கூப்பிடும் பழக்கம் இருந்தது. 1997ல் ஆஸ்திரேலியாவின் பீட்டர் மில்லர் இது தப்புன்னு ஒரு கட்டுரை எழுதினார். மேக்கின் வழிமுறையில் கோளாறு இல்லை, சார்பு வரைபடத்தைத் துண்டு துண்டா வெட்டிக் கொடுத்துட்டு முழுசும் தெரியலையேன்னு குறை சொல்றோம் என்பது அவர் வாதம். வாதம் சரிதான். ஆனாலும் லினக்ஸ் கெர்னல் இன்றைக்கும் டைரக்டரிக்கு டைரக்டரி மேக்கைக் கூப்பிட்டுத்தான் ஓடுது. கூடவே தன் சொந்தக் கருவிகளையும் வச்சிருக்கு. ஒவ்வொரு ஆப்ஜெக்ட் ஃபைலையும் எந்தக் கட்டளையில் கம்பைல் பண்ணோம்னு பக்கத்திலேயே ஒரு மறைவான ஃபைலில் எழுதி வச்சுக்கும், ஆப்ஷன் ஒன்று மாறினாலும் தெரியணும் என்பதற்காக. வெறும் மேக்குக்கு அது தெரியாது.

சரி, என் கதைக்கு வர்றேன்.

எங்க மேக்ஃபைலில் அந்த ஹெடர் பட்டியலில் இருந்தது! யாரோ ஒழுங்காக எழுதியிருந்தாங்க. அதனாலதான் எனக்குச் சந்தேகமே வரல. நடந்தது என்னன்னா, எனக்கு முன்னாடி யாரோ அந்த ஹெடரை "காமன்" டைரக்டரியில இருந்து "இன்க்ளூட்" டைரக்டரிக்கு மாற்றியிருக்காங்க. மாற்றினவர் பழையதை அழிக்கல, நகல் எடுத்திருக்கார். கம்பைலர் தன் தேடல் வரிசைப்படி இன்க்ளூடில் இருப்பதைப் படிக்குது. மேக் காமனில் இருக்கும் பழசைப் பார்த்துக்கிட்டு இருக்கு. அது மாறவே இல்லையே, எதுக்கு அசையணும்? நான் தொட்ட சி ஃபைல்கள் புதுசா கம்பைல் ஆச்சு. தொடாத ஒரு ஃபைல் பழைய ஸ்ட்ரக்சரோடவே இருந்துடுச்சு. பழசை அழிச்சிருந்தா மேக் ஃபைலைக் காணோமேன்னு அன்னைக்கே கத்தியிருக்கும்.

ஆக, பட்டியலில் பெயர் இருந்தும் ஆள் வேற. நம்ம ஊர்ல ஒரே ஆள் வீட்ல குட்டி, ரேஷன் கார்டுல கார்த்திகேயன், ஆபீஸ்ல எம். கார்த்திக். ஒரே தெருவில் ரெண்டு கார்த்திக்கும் இருப்பாங்க. போஸ்ட்மேனுக்கு ஆளைத் தெரியும். மேக்குக்குப் பெயர் மட்டும்தான் தெரியும்.

மேக்குக்குப் பாத் என்பது வெறும் எழுத்துச் சரம். "இன்க்ளூட் சாய்கோடு பாக்கெட் டாட் ஹெச்" ஒரு பெயர். "எஸ்ஆர்சி சாய்கோடு புள்ளி புள்ளி சாய்கோடு இன்க்ளூட் சாய்கோடு பாக்கெட் டாட் ஹெச்" இன்னொரு பெயர். டிஸ்கில் ரெண்டும் ஒரே ஃபைல், மேக்குக்கு ரெண்டு தனி ஃபைல். முன்னாடி நிற்கும் ஒற்றைப் புள்ளி சாய்கோட்டை மட்டும் குனு மேக் நீக்கிப் பார்க்கும், அதுக்கு மேல யோசிக்காது. ஜிசிசி எழுதும் டாட் டி ஃபைலில் எந்தப் பெயர் வரும்? ஹெடரை எந்த வழியா தேடிக் கண்டுபிடிச்சதோ அந்தப் பெயர். மேக்ஃபைலில் ஹெடரை உருவாக்கும் விதி ஒரு பெயரில், டாட் டி ஃபைலில் இன்னொரு பெயர்னா, ரெண்டையும் மேக் கோர்க்காது. ஹெடரை உருவாக்கும் வேலையும் அதைப் படிக்கும் வேலையும் ஒரே நேரத்தில் ஓடி, பத்தில் ஒரு தடவை மட்டும் உடையும் பில்ட் இப்படித்தான் பிறக்குது.

பெயரில் ஸ்பேஸ் இருந்தா அது வேற துன்பம். மேக்கில் பட்டியல் என்றாலே ஸ்பேஸால் பிரிக்கப்பட்ட சொற்கள். "புரோகிராம் ஃபைல்ஸ்" என்ற டைரக்டரி மேக் கண்ணுக்கு ரெண்டு ஃபைல். விண்டோஸின் சி டிரைவுக்குப் பின்னால் வரும் முக்காற்புள்ளி, மேக்கில் இலக்கையும் சார்பையும் பிரிக்கும் குறி. பின்சாய்கோடு, வரி தொடர்கிறது என்பதற்கான குறி. விண்டோஸ் பாத்துக்கும் மேக்குக்கும் ஏழாம் பொருத்தம்.

பாத்தைச் சுருக்கி ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்துட்டா போதாதா? 2011ல் கூகுள் குரோம் குழுவின் இவான் மார்ட்டின் வெளியிட்ட நிஞ்சா அதைத்தான் செய்யுது. குரோமில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சோர்ஸ் ஃபைல்கள். ஒரு ஃபைலை மாற்றினா, முந்தைய கருவிகள் கம்பைல் ஆரம்பிக்கவே பத்து விநாடி எடுத்துக்கிட்டன, நிஞ்சா ஒரு விநாடிக்குள்ள ஆரம்பிச்சது. கம்பைலர் சொல்லும் ஹெடர் பெயர்களில் "உள்ளே போய் மறுபடி வெளியே வா" என்ற பகுதிகளை அது வெட்டிவிட்டுத்தான் ஒப்பிடும். அதாவது எஸ்ஆர்சி புள்ளி புள்ளி என்பதை அடித்துவிடும். ஆனா இந்த வெட்டு எழுத்தை மட்டும் பார்த்துச் செய்யும் வெட்டு. எஸ்ஆர்சி என்பது வேறெங்கோ போகும் சிம்லிங்க்கா இருந்தா, அங்கிருந்து புள்ளி புள்ளி போட்டால் போய்ச் சேரும் இடம் வேற. மேக் பிறந்தபோது யுனிக்ஸில் சிம்லிங்க்கே கிடையாது, அது பெர்க்லியின் 4.2 பதிப்போடு 1983ல் பரவியது. புள்ளி புள்ளிக்கு என்ன பொருள் என்பதைப் பற்றி மட்டும் ராப் பைக் 2000ல் ஒரு முழுக் கட்டுரை எழுதினார், அதுவும் பெல் லேப்ஸில் இருந்துதான். பிளான் 9 இயங்குதளத்தில் சிம்லிங்க்கே இல்லை, ஆனா ஒரே டைரக்டரியை வேறொரு இடத்திலும் பிணைக்கலாம் என்பதால் அங்கேயும் அந்தப் பிரச்சினை வந்து நின்றது.

இங்கிருந்து ரெண்டு வழி பிரியுது. முதல் வழி, கம்பைலரை நம்பாம, அது திறக்கும் ஃபைல்களை ஒளிஞ்சிருந்து பார்ப்பது. 1990களின் தொடக்கத்தில் கிளியர்கேஸ் தன் சொந்த ஃபைல் சிஸ்டத்தை வைத்து இதைச் செய்தது. மைக் ஷாலின் டப் என்ற கருவியும் கட்டளைகள் எந்தெந்த ஃபைலைத் தொடுகின்றன என்று கவனிக்குது. ரெண்டாவது வழி, அறிவிக்காத ஃபைலைக் கண்ணிலேயே காட்டாம வைப்பது. கூகுள் 2015ல் வெளியிட்ட பேசல், கட்டளையை ஒரு தனி அறைக்குள்ள வச்சு ஓட்டும், அறிவிச்ச ஃபைல்கள் மட்டும் உள்ளே இருக்கும். முழுக்க இல்லை, சிஸ்டம் டைரக்டரிகள் வழக்கமா வெளியே எட்டிப் பார்த்தா தெரியும். அதனால ஜிசிசியின் அந்த டாட் டி ஃபைலையும் சரி பார்த்து, அறிவிக்காத ஹெடர் இருந்தா பில்டையே நிறுத்திடும். இது இருந்திருந்தா என் ஒன்றரை நாள் ஒரு நிமிஷப் பிழைச் செய்தியா முடிஞ்சிருக்கும். ஆனா ஒவ்வொரு ஹெடரையும் அறிவிக்கணுமேன்னு முதல் வாரம் பேசலைத் திட்டாதவங்களை நான் பார்த்ததில்லை.

இன்னும் ஒன்று இருக்கு, அதோட முடிக்கிறேன். இல்லாத ஃபைல்.

கம்பைலர் ஒரு ஹெடரைத் தேடும்போது மூணு டைரக்டரியில் பார்க்குதுன்னு வைங்க. முதல் ரெண்டில் இல்லை, மூணாவதில் கிடைச்சது. டாட் டி ஃபைலில் மூணாவது மட்டும் எழுதப்படும். நாளைக்கு நான் முதல் டைரக்டரியில் அதே பெயரில் ஒரு ஹெடர் வச்சா? புதுசா கம்பைல் பண்ணா கம்பைலர் அதைத்தான் எடுக்கும். ஆனா பதிவாகியிருந்த எந்த ஃபைலும் மாறலையே, அதனால மேக்கும் நிஞ்சாவும் நகராது. "அங்கே ஒன்றும் இல்லை" என்பதும் ஒரு சார்புதான், அதை எழுத மேக்ஃபைலில் இடமே இல்லை. டேனியல் பெர்ன்ஸ்டீன் யோசித்து, ஏவரி பென்னாரன் எழுதிப் பரப்பிய ரீடூ என்ற கருவியில் இதுக்கென்றே ஒரு கட்டளை உண்டு. இந்தப் பெயரில் ஒரு ஃபைல் உருவானா என்னைத் திரும்ப ஓட்டு, என்று சொல்லி வைக்கலாம். பெரிய கருவிகள் பெரும்பாலும் கண்டுக்காம விட்டதை ஒரு சின்னக் கருவி பெயர் வச்சுக் கூப்பிட்டது எனக்குப் பிடிச்சிருக்கு.

என் பழைய ஆபீஸ் மேக்ஃபைல் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. கையால எழுதின ஹெடர் பட்டியலை எல்லாம் எடுத்துட்டு ஹைஃபன் எம்எம்டி போட்டேன், கூடவே ஹைஃபன் எம்பியும், அழிஞ்சுபோன ஹெடரைத் தேடி மேக் கத்தாம இருக்க. காமனில் இருந்த பழைய நகலை அழிச்சேன். அப்புறம் தினசரி பில்ட் ஸ்கிரிப்டின் முதல் வரியில் இருந்த மேக் க்ளீனையும் எடுக்கலாம்னு ஒரு மாற்றம் அனுப்பினேன். மற்றதெல்லாம் உள்ளே போச்சு, அது மட்டும் போகல. அக்கா அதுக்குக் கீழே ஒரே வரி எழுதியிருந்தாங்க: "இது இருக்கட்டும்பா."

அடுத்த எபிசோடில் லிங்க்கர். கேள்வி இருந்தா அனுப்புங்க.